வயரை இன்னும் மாற்றவில்லை

ல்யூபின்கா,

முட்டைக்கோஸ் சுருட்டல் சிறுதீயில் இருக்கிறது. கிளறாதே, பானையைக் குலுக்கிவிட்டால் போதும். லாரிச் சாவி ரொட்டிக் கூடைக்குள்.

நான் செங்கல்லோடு பக்கத்து வீட்டு வுகாஷினிடம் போகிறேன். நேற்று விருந்தாளிகளின் கார்களுக்கு இடம்விட நீ லாரியைப் பின்னால் எடுத்தபோது இடிந்த அவர் மதிலை நான்தான் கட்டித் தரவேண்டும். உன்மேல் தப்பே இல்லை.

விடிந்ததும் லாரியில் ஏறிப் பார்த்தேன். போன வாரம் நான் பொருத்திய நாலு கேமராவில், பக்கவாட்டுக் கேமராக்களின் வயரை இடம் மாற்றிச் சொருகியிருக்கிறேன். இடது இண்டிகேட்டரைப் போட்டால் திரையில் வலப்பக்கம் வருகிறது.

"ராடோஷ், திரையில ஏதோ தப்பா காட்டுது!" என்று நீ கத்தத்தான் செய்தாய். நானோ, நம் குடும்பப் புனிதர் நாள் விருந்துக்கு வந்த அத்தனை பேர் முன்னாலும், "சிலுவை போடுற கை எதுன்னாவது தெரியுமாடி உனக்கு?" என்று கேட்டேன். உன் அண்ணன்கூடச் சிரித்தார். நீ உள்ளே போய்விட்டாய்.

யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிடலாம் என்று ஸ்க்ரூடிரைவரைக்கூட எடுத்தேன். அதையும் மறைக்கவில்லை.

மாற்றாமல் வைத்திருக்கிறேன். மிச்ச விருந்துக்கு இன்று எல்லோரும் வருவார்கள். முதலில் உன் அண்ணனை லாரியில் உட்காரவைத்து இடது இண்டிகேட்டரைப் போடச் சொல். மற்றவர்களும் எட்டிப் பார்க்கட்டும். அப்புறம் நான் வந்து மாற்றுகிறேன்.

ராடோஷ்

பி.கு: எது இடது என்று நிச்சயப்படுத்திக்கொள்ள, லாரிக்குள் தனியாக உட்கார்ந்து நானே ஒருமுறை சிலுவை போட்டுப் பார்த்தேன்.