எந்தக் கோவையிலை மூத்தது

விருத்தாசலத்தில் அப்பா வேலை பார்த்த பீங்கான் சூளையில், விரிசல் கண்டு கழித்துப்போட்ட தட்டுகளைத்தான் வீட்டில் இலைகளை அழுத்தப் பாரமாக வைத்திருந்தேன்; இன்று காலை அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். அடியில், செய்தித்தாள்களுக்கு நடுவே, நாம் பறித்துப் பாடம் செய்த கோவையிலைகள். பூச்சி உருண்டை வாடை குப்பென்று வந்தது. உடனே உன் ஞாபகம், கூடவே எரிச்சல்.

செத்தவளைத் திட்டக்கூடாது என்பார்கள். என்னால் முடியவில்லை.

நல்லூர் வேலிகளில் விரல் விரலாய்ப் பிரிந்த இலைகளையும், சேத்தியாத்தோப்பு ஆற்றங்கரையில் பிரியாத முழு இலைகளையும் பறித்தோமே. ஒரே கோவைக்கொடிக்கு ஏன் இரண்டு வடிவம், எது முந்தியது என்று மரபணுவைப் படித்துக் கண்டுபிடிப்பது நம் இருவர் வேலை. நான் கொடியடியிலேயே எண்ணும் ஊரும் தாளில் எழுதிவிடுவேன். நீ மரபணு எடுக்க இலைத்துண்டு போட்ட பைகளில் எண்ணை மட்டும் போட்டுவிட்டு, ஊர்ப்பெயரைத் திரும்பும் பஸ்ஸில் மடியில் வைத்து எழுதுவாய். "இப்பவே எழுதுடி" என்றால், "எல்லாம் ஞாபகம் இருக்குது, நீ பேசாம வா" என்பாய்.

கட்டுரை வெளிவந்தபோது அதில் உன் பெயர் மட்டும் இருந்தது. கேட்டதற்கு, "நீ எலைதான பறிச்ச?" என்று சிரித்தாய்.

அன்றே உன் பட்டியலை என் தாள்களோடு ஒப்பிட்டேன். எண்ணுக்கு எண் ஊர் மாறியிருந்தது; நல்லூர்ப் பைகளெல்லாம் சேத்தியாத்தோப்பு என்றும், சேத்தியாத்தோப்புப் பைகளெல்லாம் நல்லூர் என்றும். பிரிந்த இலைதான் மூத்தது என்று எழுதியிருந்தாய். உண்மை அப்படியே தலைகீழ்.

உடனே சொல்லியிருக்கலாம். வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. நீ பெரிய மேடையேறும் நாளில், எல்லார் முன்னாலும் எழுந்து கேட்க வேண்டும் என்று மூன்று வருஷம் காத்திருந்தேன். கண்ணாடி முன் நின்று பேசிக்கூடப் பார்த்தேன். நீ ஒரு காய்ச்சலில், நாலே நாளில் போய்விட்டாய்.

நேற்று உன் கணவர் வந்திருந்தார். "நினைவுநாள்ல அவ கண்டுபிடிப்பப் பத்தி நீங்கதான் ரெண்டு வார்த்த பேசணுங்க" என்றார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. "சரிங்க" என்றேன்.

மதியம் திருத்தத்தை இதழுக்கு அனுப்பிவிட்டேன். என் பெயர் மட்டும் போட்டு, நீ செய்த மாதிரியே. சந்தோஷப்படலாம் என்று உட்கார்ந்தேன், வரவில்லை. உன்னிடம் கேட்க வைத்திருந்த கேள்வி ஒரு சொல் பிசகாமல் இன்னும் மனப்பாடமாக இருக்கிறது. நீயோ, எழுதியதெல்லாம் சரி என்று நம்பியே நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தாய். நீ என்னை இரண்டாவது தடவை ஏமாற்றியது அப்போதுதான்.