கொசோவோ என்ற சாம்ராச்சியமும் உன் பெரியப்பாவும்

ட்ருகனினா, மெல்பேர்ண்
செப்டெம்பர் 14

என் செல்ல மகள் ஜெனோஜாவுக்கு,

இங்கே நான் நலம், என் போர்க்லிஃப்ட் நலம், முழங்கால் மட்டும் ஆண்டவரோடு வழக்காடிக்கொண்டிருக்கிறது. நீ அங்கே தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்க மாதாவை மன்றாடிக்கொண்டு எழுதுகிறேன். இந்தக் கடிதத்தையும் ஒரு கிலோ வறுத்த மிளகாய்த்தூளையும் கொண்டுவந்து தருபவர், என்னோடு வேர்ஹவுசில் வேலை செய்யும் அக்ரோனின் தங்கை. அவர்கள் உன் ஊர்க்காரர். உன் ஊர் என்றால் நீ பிறந்த பேசாலை இல்லை, கண்ணிவெடி அகற்றும் பயிற்சிக்காக நீ போயிருக்கும் கொசோவோவின் பெயா. போன கிழமை போனில் நீ ஒரேயொரு கேள்விதான் கேட்டாய்: ஒக்டோபர் பத்தாம் திகதி பயிற்சி முடிய முதல் பெரியப்பா வருவியளோ, மாட்டியளோ என்று. நாம் நேரில் பார்த்துப் பதின்மூன்று வருடம். படகில் வந்தவன் நான், என் பயணப் பத்திரத்தோடு எங்கும் போகலாம், இலங்கைக்கு மட்டும் போக முடியாது. உனக்கோ இங்கே வர இரண்டு தரம் கேட்டும் விசா கிடைக்கவில்லை. ஆகவே இந்தப் பூமிப் பந்தில் நம் இருவருக்கும் பொதுவாக வாய்த்தது அந்த ஒரு துண்டு நிலம்தான். பதில் சொல்கிறேன், பொறு. முதலில் அந்த நாட்டை உனக்கு விளக்கவேண்டும். நான் அங்கதானே பெரியப்பா நிக்கிறன் என்று சிரிக்காதே. அங்கே நிற்கிறவர்களுக்கு என்ன தெரியும்? நான் ஒரு மாதமாக மதியச் சாப்பாட்டை ஆறவிட்டு அக்ரோனிடம் பாடம் கேட்டவன்.

கேள். நாடு மெல்பேர்ணைவிடக் கொஞ்சம்தான் பெரியது, சனம் பதினாறு இலட்சம், ஐரோப்பாவிலேயே இளசான சனம். அக்ரோனின் கணக்கில் அங்கே கிழவன் என்று இருந்தவன் அவனுடைய மாமனார் ஒருவர்தான், அவரும் போய்விட்டார். 2008 மாசி பதினேழில் நாங்கள் தனி நாடு என்று அறிவித்தார்கள். நூறு நாடுகளுக்கு மேல் ஓம் என்றன, முந்தி அதை ஆண்ட சேர்பியா இன்றுவரை இல்லை என்கிறது, ஐ.நா.வில் இன்னும் கதிரை இல்லை. எத்தனை நாடு ஓம் என்றது என்று கேட்டால் அக்ரோன் திங்கட்கிழமை ஒரு கணக்கும் வெள்ளிக்கிழமை ஒரு கணக்கும் சொல்கிறான், அது அவன் சாப்பிட்டதைப் பொறுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் சந்தையில் யூரோதான் ஓடுகிறது. அழைப்பில்லாத கலியாண வீட்டில் முதல் பந்தியில் இருந்து பாயாசம் கேட்கிற துணிவு இது, எனக்கு அந்தச் சனத்தை அப்போதே பிடித்துவிட்டது. தொலைபேசிக்குச் சொந்த நாட்டு இலக்கம் இல்லாத காலத்தில் பிற நாடுகளின் இலக்கத்தை வாங்கிப் பேசினார்களாம், நான் அயல்வீட்டு வைஃபையில் உன்னோடு பேசியதுபோல. தேசிய கீதத்துக்கு இசை மட்டும்தான், சொல் கிடையாது. கோயில் பாடற்குழுவில் இருந்து என்னை மூன்று தரம் விலக்கியவர்கள் இதை அறியவேண்டும், எனக்கென்றே ஆண்டவர் ஒரு நாடு வைத்திருக்கிறார். உனக்குப் பாஸ்போட் தந்த இலங்கை அந்த நாட்டை ஒத்துக்கொள்ளவில்லை, நீயோ அங்கே மூன்று நேரமும் சாப்பிடுகிறாய். அவுஸ்திரேலியா அதை இரண்டே நாளில் ஒத்துக்கொண்டது, உன் பெரியப்பா என்கிற இந்தப் பெரிய கண்டத்தை ஒத்துக்கொள்ள அதற்குப் பதினொரு வருடம் பிடித்தது. வடக்கே மித்ரோவிச்சாவில் ஓர் ஆறு, மேலே பாலம், இக்கரையில் ஒரு சனம், அக்கரையில் ஒரு சனம். அதைச் சொல்லும்போது மட்டும் அக்ரோன் பகிடி விடுவதில்லை. எனக்கும் அவன் விளக்கத் தேவைப்படவில்லை. அங்கேயும் வயலுக்குள் வெடி புதைத்தார்கள், அதைக் கிளறி எடுக்கப் பழகினார்கள், இப்போது உலகத்துக்கே பழக்குகிறார்கள். உன் அப்பாவைக் கொண்டுபோன சாமானைத்தான் நீ எடுக்கிறாய் என்று அக்ரோனிடம் சொன்னேன், அன்று அவன் தன் சாப்பாட்டில் பாதியை என் பக்கம் தள்ளிவிட்டான்.

இனி என் வீரப் பிரதாபம். விசாப் படிவத்தில் வரும் காரணம் என்ற இடத்தில் மகளைப் பார்க்க என்று எழுதினேன், உறவு என்ற இடத்தில் யோசிக்காமல் தகப்பன் என்று போட்டுவிட்டேன். இத்தனை வருடத்தில் வேறெதையும் நான் நினைத்ததில்லை. விசாக் கந்தோரில் இருந்து உடனே கடிதம் வந்தது: மகளின் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் மரியதாஸ், நீர் யார்? பொய் எழுதியவன் என்று முத்திரை குத்தினால் எல்லாம் போச்சு. இருந்து எழுதினேன், மரியதாஸ் என் தம்பி, இறந்துவிட்டார், அவர் அப்பா, நான் பெரியப்பா, எங்கள் வீட்டில் அங்கிள் என்றொரு சாமான் கிடையாது என்று. என் ஆங்கிலத்தை வாசித்த அக்ரோன் பெட்டிமேல் இருந்து விழப் பார்த்தான். பிறகு சிரிப்பை நிறுத்தி, டேய், எங்களிலயும் அப்படித்தானடா, தகப்பன்ர சகோதரத்துக்கு அஜா எண்டு தனிச் சொல் இருக்கு, தகப்பன் இல்லாத வீட்டில அஜாதான் தகப்பன் என்று சொல்லி, என் பேனையைப் பறித்து அந்த ஒரு சொல்லைக் கடைசி வரியில் எழுதினான். எட்டு நாள் நான் உறங்கிய நேரத்தை எறும்பு சுமந்து போகலாம். ஒன்பதாம் நாள் பதில் வந்தது. உறவு என்ற இடத்தில் தகப்பனை வெட்டி, விசாக் கந்தோரில் இருந்த புண்ணியவாட்டி அஜா என்று தட்டியிருந்தாள். கீழே விசா.

வருகிறேன் மகள். ஒக்டோபர் நாலாம் திகதி, சனிக்கிழமை, தலைநகர் பிரிஷ்டினாவிலிருந்து பின்னேரம் மூன்று மணி பஸ்சில் பெயாவுக்கு. போனில் நீ இதுவரை கண்டது என் நெற்றியை மட்டும்தான், மற்றதெல்லாம் மெலிந்தும் நரைத்தும் விட்டது. அதனால் வேர்ஹவுஸ் மஞ்சள் அங்கியைப் போட்டுக்கொண்டு இறங்குவேன், விமானங்கள்கூட என்னைப் பார்த்துத் தரையிறங்கப் பார்க்கும். எந்த நாடு எந்த நாட்டை எப்போது ஒத்துக்கொள்ளுமோ ஒத்துக்கொள்ளட்டும். நீ அந்தப் பஸ்ஸடியில் நின்று, ஓம், இவர்தான் என்று கையைக் காட்டு, எனக்கு அது காணும்.

அம்மா அருள்நாயகிக்கு இன்றே சொல்லு, அழவேண்டாம் என்றும் சொல்லு. வெடி எடுக்கையில் முகக் கவசத்தை மூக்குக் கடிக்கிறது என்பதற்காகவும் கழற்றாதே. இது பகிடியில்லை. மிளகாய்த்தூளில் பாதியை மிச்சம் வை, அங்கே சுடுகிற சிவப்பு மிளகாயோடு நான் ஒரு யுத்தம் நடத்த இருக்கிறேன். மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்திருக்கட்டும்.

உன் அஜா,
சுவாம்பிள்ளை