பார்க்கிங்கில் காத்த விரதம்

மச்சான்,

போன சனிக்கிழமை கார் டிக்கியைத் துப்புரவாக்கியபோது உன் மெத்தை அகப்பட்டது. மெத்தை என்றதும் ராசாக்கள் சாய்ந்த பஞ்சணை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பழைய போர்வையை மடித்து உன் மனைவி தைத்துத் தந்த இரண்டு சதுரங்களில் ஒன்று. உன் மகளின் கல்லூரி ஜிம்மில் நாங்கள் உட்காரும் பலகை வாங்குகளின் குளிர் வட துருவத்திலிருந்து நேரே இறக்கியது என்பதால் உனக்கொன்று, எனக்கொன்று. மூக்கருகே கொண்டுபோனேன். நோவெண்ணெய் மணம் அப்படியே இருந்தது. உன் இடுப்பு நோவுக்கு நீ பூசிய எண்ணெயை ஒரே நாளில் ஊற்றியிருந்தால் ஒன்ராறியோ ஏரி கரையுடைத்திருக்கும். நான் டிக்கியின் விளிம்பில் குந்தினேன். எழும்ப நெடுநேரம் பிடித்தது.

கூடைப்பந்தை வாழ்க்கையில் ஒரு தடவைகூடக் கையால் தொடாத இரண்டு மேதைகள் நாங்கள். ஊரில் வொலிபோல் அடித்த தகுதியை வைத்துக்கொண்டு, மில்லிக்கனில் உன் பேஸ்மென்றிலிருந்து ஒரு முழு லீக்கையே நடத்தினோம். ரிவியில் நம் நகரத்து அணி தோற்கத் தோற்க உன் விசாரணை தொடங்கும்.

"உவனிட்டைப் பந்தைக் குடுக்கச் சொன்னது ஆர்?"

"கோச்."

"அந்தக் கோச்சுக்கு வேலை குடுத்தது ஆர்?"

"முதலாளி."

"அப்ப முதலாளியை மாத்துவம்."

நாங்கள் மாற்றிய முதலாளிகளை வரிசையில் நிறுத்தினால் ஸ்டீல்ஸ் வீதி போதாது. ஆனால் உனக்கு உண்மையான லீக் வேறு. வார இறுதியில் உன் மகள் ஆடும் கல்லூரி ஆட்டம்தான் அது. பனி கொட்டினாலும் மெத்தைகளோடு புறப்படுவோம். அவள் ஃப்ரீ த்ரோ எறிய நிற்கும்போது அவளுடைய கல்லூரிப் பக்கத்துச் சனம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அமைதி காக்கும். அதுதான் அங்கே மரியாதை. அந்த அமைதிக்குள் உன் குரல் மட்டும் இடி மாதிரி இறங்கும். "வளைச்சு விடு, பிள்ளை!" அவள் காதுமடல் சிவக்கும். பந்து வளைந்து போய் வலைக்குள் விழும். கடைசியில் தமிழே தெரியாத அவளுடைய அணிக்காரிகளும் "வலைச்சு விடு" என்று கத்தப் பழகிவிட்டார்கள்.

புதிய பருவம் தொடங்குவதற்குச் சற்று முன்னர் நெஞ்சு நோகுதென்றாய். அவ்வளவுதான். எந்த விசாரணையும் இல்லாமல் போய்விட்டாய்.

உன் செத்தவீட்டில் எனக்கு மைக் தந்தது முதல் பிழை. நான் அதை விட்டுக் கொடுக்காதது இரண்டாவது. "ஒரு வருசம் போய் என்ரை நண்பன்ரை ஆட்டைத் திவசம் முடியுமட்டும் கூடைப்பந்தை நான் கண்ணாலும் காணமாட்டன்!" என்று முழங்கினேன். மண்டபத்தின் கண்ணாடிகள் அதிர்ந்தன. சனம் கண்ணைத் துடைத்தது. முன்வரிசையில் இருந்த பிள்ளை மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். நன்றியில் குனிகிறாள் என்று நினைத்தேன். அது அவளுடைய கடைசிக் கல்லூரி வருடம் என்பது அந்த மைக்கின் மயக்கத்தில் என் புத்தியில் ஏறவில்லை.

விரதம் எவ்வளவு தூரம் போனது என்று கேள். ஒரு மாதம் தாண்டவில்லை. ரிவியின் சத்தத்தை நிறுத்திவிட்டு நம் நகரத்து அணியைப் பார்க்கத் தொடங்கினேன். என் வீட்டுக்காரி கதவடியில் நின்று பார்த்தாள்.

"உதென்ன விரதம்? சத்தம் இல்லாட்டிப் பாவம் இல்லையோ?"

"விரல் தவறி ரிமோட்டிலை பட்டிட்டுதப்பா."

"ஓம், ரெண்டு மணித்தியாலமாப் பட்டுக்கொண்டிருக்கு."

அணி வென்ற ஒரு நாள் கதிரையிலிருந்து துள்ளியே விட்டேன். துள்ளிய பிறகு உன் நினைவு வந்தது. நீ போனபின் நான் சந்தோசப்பட்ட முதல் நாள் அது. அன்று சோறு இறங்கவில்லை.

ஆனால் பிள்ளையின் ஆட்டம் ஒன்றுக்கும் போகவில்லை. அங்கே போனால் நாலு தமிழ்ச் சனம் காணும். மைக்கில் முழங்கியவன் மானம் என்னாவது? யாரும் காணாத இடத்தில் விரதத்தை உடைத்தேன். அவள் காத்திருந்த இடத்தில் மட்டும் அதைக் கட்டிக் காத்தேன்.

மாசி மாதம் பிள்ளை எனக்குப் போன் எடுத்தாள். கடைசி உள்ளூர் ஆட்டத்தில், படிப்பை முடிக்கும் பிள்ளைகளைப் பெற்றவர்களோடு நடு மைதானத்துக்கு அழைத்துப் பூங்கொத்துக் கொடுப்பார்களாம்.

"ஒரு பக்கம் அம்மா வாறா. மற்றப் பக்கம் நீங்கள் வாறீங்களா, மாமா?"

"ஆட்டைத் திவசத்துக்கு முன்னம் பூ, கைதட்டல் எல்லாம் கூடாது, பிள்ளை. உன்ரை கொப்பாவுக்கு மரியாதை இல்லை."

"மாமா, இட்ஸ் ஜஸ்ற் ஃபிளவர்ஸ்."

தங்கச்சி, அதுதான் உன் மனைவி, போனை வாங்கினாள். "அண்ணை, அவர் இருந்திருந்தா வேறை ஆரின்ரை திவசமெண்டாலும் தள்ளி வைச்சிட்டுப் போயிருப்பார்." நான் தொண்டையைச் செருமினேன். உலகின் ஒழுக்கம் முழுவதையும் என் தோளில் தாங்குபவன் மாதிரி மறுத்தேன்.

ஆட்டத்தன்று என்ன செய்தேன் தெரியுமா? போனேன். ஜிம் வாசலுக்கு நேரே பார்க்கிங்கில் காரை நிறுத்தி, ஹீற்றரைப் போட்டு, கல்லூரிக்காரர் விடும் லைவை போனில் பார்த்தேன். உள்ளே போகாதவரை விரதம் முறியாது என்பது என் சட்டம். அப்படியொரு சட்டத்தை ஒட்டாவா பாராளுமன்றத்தில் இருக்கிறவர்கள் எல்லோரும் கூடினாலும் எழுத முடியாது.

அவளுடைய பெயரைக் கூப்பிட்டார்கள். வலப்பக்கம் தங்கச்சி. இடப்பக்கம் ஒருவருமில்லை. ஆனால் பிள்ளை தன் இடது கையைச் சற்று நீட்டியபடியே, அந்தப் பக்கத்தில் ஓர் ஆள் நடக்க இடம் விட்டுக்கொண்டே நடந்தாள். விரல்கள் விரிந்திருந்தன. போன் திரையில் அந்தக் கை என் சுட்டுவிரல் நகத்தளவுகூட இல்லை.

ஓடினேன், மச்சான். இந்தத் தொப்பை வண்டியைத் தூக்கிக்கொண்டு, ஐஸில் இரண்டு தரம் வழுக்கி, ஒரு தரம் விழுந்தும் ஓடினேன். உள்ளே போனபோது நடை முடிந்து ஆட்டமே தொடங்கியிருந்தது. ஜிம் முழுக்க அமைதி. ஃப்ரீ த்ரோ கோட்டில் பிள்ளை, கையில் பந்து. எனக்கு மூச்சு வாங்கியது. வாய் மட்டும் தன்பாட்டில் திறந்தது.

"வளைச்சு விடு, பிள்ளை!"

பந்து வளையத்தில்கூடப் படவில்லை. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா, எனக்குத் தெரியவில்லை.

ஆட்டம் முடிந்து பூங்கொத்தோடு வந்தாள்.

"நீங்கள் கத்தினபடியால்தான் மிஸ் பண்ணினனான்."

"வளைச்சு விடத்தானே சொன்னனான்? வெளியிலை விடச் சொன்னனானே?"

சிரித்தாள். அந்தத் துணிவில் சொன்னேன்: "கொப்பாவுக்கு இடம் விட்டு நடந்தாய். கண்டனான், பிள்ளை."

அவள் சிரிப்பு நின்றது. "அப்பாக்கு இல்லை, மாமா. அப்பா வரமாட்டார் எண்டு எனக்குத் தெரியும். அது உங்களுக்கு."

உன் மெத்தையை என்னுடையதோடு சேர்த்துத் திரும்ப டிக்கிக்குள்ளேயே வைத்துவிட்டேன். வருகிற மாதம் உன் ஆட்டைத் திவசம். தங்கச்சி படைப்பாள், நான் முன்வரிசையில் இருப்பேன், மைக் தந்தால் வாங்கமாட்டேன். அதன்பின் புதிய பருவம் தொடங்கும். என் விரதமும் சட்டப்படி முடியும். சத்தத்தோடு ரிவி பார்க்கலாம். ஆனால் பிள்ளைக்கு இனிப் பருவம் இல்லை. படிப்பு முடிந்து வேலைக்குப் போகிறாள்.

நீ வரமுடியாதவன், மச்சான். உன்னை அவள் எதிர்பார்க்கவில்லை. நான் வாசலில் நின்றேன், காரில், ஹீற்றர் போட்டு. அவள் நீட்டிய அந்தக் கை இன்னும் என் கைக்குள் வந்து சேரவில்லை.