பதினைந்து டிகிரித் தண்ணீர்

இன்று காலை பால் கூலருக்கான புது ரப்பர் பட்டைகள் வந்த பெட்டியைத் திறந்தேன். வெள்ளை மாவு தூவிய அந்த ரப்பரின் வாடை எழுந்ததும் அங்கே நிற்க முடியவில்லை. முற்றத்துக்கு வந்தேன், உள்ளே போனேன், திரும்பவும் வந்தேன். இறுக்க வேண்டிய தகடுகள் காத்துக் கிடக்கின்றன. நான் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கொட்டாரத்தில் பால் கம்பெனி தொடங்க முதலாளி ஆள் எடுத்தபோது நாம் இருவரும் ஒரே வாரத்தில் சேர்ந்தோம். சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. நான் வயல்காரர் வீட்டுப் பிள்ளை, இன்ஜினியரிங் படித்தவன். நீ மணக்குடிக் கடற்கரைக்காரன், கப்பலின் எஞ்சின் அறையில் எட்டு வருஷம் வெந்தவன். ஒரே வயது. முதல் நாளே என்னை மக்கா என்று கூப்பிட்டாய்.

காய்ச்சிய பாலை உடனே ஆற்ற வேண்டும். அதற்குத்தான் பிளேட் கூலர். மெல்லிய எஃகுத் தகடுகளை ஓர் இரும்புச் சட்டத்தில் நெருக்கி அடுக்கி இறுக்கியிருப்பார்கள். ஓர் இடுக்கில் சூடான பால் ஓடும், அடுத்த இடுக்கில் குளிர்ந்த தண்ணீர் எதிர்த்து ஓடும். எத்தனை தகடு வேண்டும் என்று தீர்மானிப்பது என் வேலை. வெளிநாட்டுக் கம்பெனியின் அட்டவணையை வைத்து மூன்று நாள் கணக்குப் போட்டு, கையெழுத்திட்டு ஆர்டரை அனுப்பினேன். மறுநாள் நீ அந்தக் கணக்கைப் பார்த்தாய்.

"தண்ணிக்கு என்ன சூடுண்ணு போட்டிருக்கே?"

"பதினஞ்சு டிகிரி. அட்டவணையில அப்பிடித்தான் இருக்கு."

நீ தெர்மாமீட்டரோடு கிணற்றடிக்குப் போனாய். நல்ல உச்சி வெயில். இறைத்த வாளியை அப்படியே கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தாய். இருபத்தெட்டு.

"தண்ணிய விடப் பாலு எப்பிடி மக்கா குளிரும்? இத எழுதுனவன் பனி பெய்யிற ஊர்க்காரன். ஒரு தந்தி அடி. பனிக்கட்டித் தண்ணிக்குத் தனியா ஒரு அடுக்கு வேணும்ணு சொல்லு."

நீ சொன்னது சரி என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்தது. ஆனால் முதலாளியிடம் போய், நான் தப்பாகத் தேர்ந்தெடுத்துவிட்டேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. "அவங்களுக்குத் தெரியாததா?" என்று வாளியைக் கீழே இறக்கி வைத்தேன்.

இயந்திரம் வந்தது. ஒவ்வொரு தகடாகத் துடைத்து, விளிம்பில் ரப்பர் பட்டை பொருத்தி, அளந்து அளந்து இறுக்கியவன் நீ. ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஆனாலும் பால் வெதுவெதுப்பாகவே வெளியே வந்தது. அஞ்சுகிராமத்திலிருந்து வந்த பால், கொட்டாரத்துப் பால், எல்லாம் நாகர்கோவில் போவதற்குள் திரிந்தது. நாலாம் நாள் கேன்கள் அப்படியே திரும்பி வந்தன. முதலாளி கூலர் முன்னால் நின்று கத்தினார்.

"வெளிநாட்டுச் சாமான் தப்பாவுமா? தகடு மாட்டுனது யாருலே?"

எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள். நீ என்னைப் பார்த்தாய். நான் பால் கேனைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நாளையிலேருந்து நீ வரண்டாம்" என்றார் அவர். நீ கையைத் துடைத்துவிட்டு நடந்தாய். என் பெயரைச் சொல்லவே இல்லை.

மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். அவர், "போயி அவனக் கூட்டிட்டு வா" என்றார். சைக்கிளை மிதித்துக்கொண்டு மணக்குடிக்கு வந்தேன். நீ பம்பாய் போகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாய்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். வா, போவோம்."

"அண்ணைக்கே சொல்லியிருந்தா அங்கயே நிண்ணிருப்பேன் மக்கா. இனி உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு வேல செய்ய எனக்கு ஆவாது." கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாய். பிறகு தலையைத் தூக்காமலே சொன்னாய்: "தகடு மாட்டுன சட்டத்துல இன்னும் இடம் கெடக்கு. நான் அளந்து பாத்தேன். இன்னும் இருபது தகடு தாராளமா ஏறும். பனிக்கட்டித் தண்ணிய அதுல விடு."

தகடுகளை வரவழைத்தேன். நீ சொன்ன இடத்தில் நீ சொன்னபடியே ஏற்றினேன். அதன்பின் இத்தனை வருஷமும், உனக்கு எழுத உட்கார்ந்தபோதெல்லாம் மன்னிப்பில் தொடங்கினேன். அடுத்த வரி வராமல் கிழித்துப் போட்டேன்.

போன மாதம் பம்பாயில் காய்ச்சலில் நீ இறந்துபோனதாகக் கேள்விப்பட்டு, உன் ஊர்த் தேவாலயத்தில் உனக்காக வைத்த பூசைக்கு வந்தேன். கோயில் வாசலில் உன் மனைவி என்னிடம் வந்தாள்.

"சாரே, அவிய ஒவ்வொரு காயிதத்துலயும் கேப்பாவ, அந்தப் பாலு ஆறிச்சாண்ணு விசாரிச்சு எழுதுண்ணு. நான் ஆருட்டப் போயிக் கேப்பேன்?"

கேட்டிருந்தால் சொல்லியிருக்கக்கூடியவன் நான். அவள் முன்னால் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன்.

இப்போது எந்த ஊர்க் கம்பெனி கூலர் தேர்ந்தெடுக்கச் சொன்னாலும், அட்டவணையைத் திறக்குமுன் உச்சி வெயிலில் அந்த ஊர்க் கிணற்றடிக்குப் போய் நிற்கிறேன். அது பழகிவிட்டது. நீ கேட்டுக்கொண்டே இருந்தாய், நான் ஒரு வரி எழுதவில்லை, அது பழகவில்லை.

பால் ஆறிவிட்டது மக்கா. நடுப்பகலிலும் ஐந்து டிகிரிதான்.