மொட்டைத் தலைக்காரரின் ஹெயார் ட்ரையர்

இஞ்சாருங்கோ, இன்று மத்தியானம் உங்கள் ஹெயார் ட்ரையரைக் குசினிக்குள் கொண்டுவந்து சுவிட்சைப் போட்டேன். சூடு ஏறியதும் அந்தப் பழைய மணம் வந்தது. எலி மணம்! தலையில் ஒரு மயிர் இல்லாத மனிதருக்கு இது எதற்கு என்று வீட்டுக்கு வருகிற சனம் கேட்டுச் சிரிக்கும். நீங்களும் சேர்ந்து சிரிப்பீர்கள், காரணத்தை மட்டும் சொல்லமாட்டீர்கள்.

அந்த மலைப்பாம்புக் குட்டியை நீங்கள் கொண்டுவந்த நாளில் நான் போட்ட கூச்சல் எங்கள் மல்கிரேவ் ஊர் முழுக்கக் கேட்டிருக்கும். வேண்டாம் என்று யாரோ விலங்குக் காப்பகத்தில் விட்டுப்போனது. பிறவியிலேயே முதுகெலும்பு கோணல். பாய்ந்து கவ்வப் போனால் குறி தவறிக் கண்ணாடியில் மூக்கை இடித்துக்கொள்ளும்.

"ஒரு நாயோ பூனையோ கிடைக்கேல்லையோ உங்களுக்கு?"

"அதுகளை ஆரும் எடுப்பினம். இதை ஆர் எடுப்பினம், சொல்லும்?"

பாம்பு வளர்க்க லைசென்சும் எடுத்து, 'பிள்ளை' என்று பெயரும் வைத்துவிட்டீர்கள். நான் பிடிவாதமாக 'அது' என்றே சொல்லிவந்தேன்.

உறைந்த எலியைச் சுடுதண்ணீரில் இளக்கி, இடுக்கியால் அதன் வாயருகே பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பீர்கள். சோறு ஆறுது, வாங்கோ என்று நான் கத்துவேன். "பதறாதையும். பசிச்சால் அது தன்ர பாட்டிலை வரும்" என்பீர்கள். வரும்தான். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகத் தெளிவாகப் பேசியதும் அதைப் பற்றித்தான். "பிள்ளைக்கு ஆர் சாப்பாடு குடுப்பினம்?" கட்டிய மனைவி, என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை! கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் "நான் குடுப்பன்" என்றேன். அதைக் கேட்டபிறகுதான் கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

செத்தவீட்டுக்குச் சிட்னியிலிருந்து வந்த உங்கள் அக்கா, வந்த கையோடு ஃப்ரீசரைத் திறந்தார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை வீட்டில் மச்சம் கூடாதல்லவா? மீன், இறைச்சியோடு எலிகளும் குப்பைக்குப் போயின. "சிவ சிவா! துடக்கு வீட்டிலை எலியோ?" அதற்குப் பதிலாக கோயிலில் நாகதம்பிரானுக்கு வைப்பதுபோல வெள்ளிக் கிண்ணத்தில் பால் வைத்தார். அது அந்தப் பாலில் வாலை நனைத்துக்கொண்டு கிடந்தது. மறித்துப் பேச எனக்குத் தெம்பில்லை.

அந்தியேட்டி முடிந்ததும் டண்டினொங் கடையில் எலி வாங்கிவந்து, இளக்கி, நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டது. பிறகு எத்தனை தரம் நீட்டியும் அதே கதைதான். உடம்பு வற்றி, கோணல் எலும்பு தோலுக்கு வெளியே தெரிந்தது. இந்தக் கிழமையும் சாப்பிடாவிட்டால் தப்புவது கஷ்டம் என்று மிருக வைத்தியர் சொன்னார். காருக்குள் இருந்து அழுதேன். கடைசியாக உங்களுக்குக் கொடுத்த வாக்கு அது ஒன்றுதானே, அதுவும் பொய்யாகப் போகிறதே என்று.

இன்றும் திரும்பிப் படுத்தது. எனக்குத் துணைக்கென்று தங்கி, கதிரையில் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்த அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "ஆறினதைக் குடுத்தால் ஆர் தின்னுவினம்? மனிசரே தொடமாட்டினம். சூடாக்கிக் குடும்!"

அட கடவுளே, ட்ரையர்! எலியின் தலைப்பக்கத்தைச் சூடாக்கினால்தான் இரை இருக்கும் இடம் அதற்குத் தெரியும் என்று நீங்கள் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. துக்கத்தில் அடியோடு மறந்துபோயிருந்தேன்.

சூடாக்கி, வாயருகே பிடித்தேன். பதறாதையும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாக்கு வெளியே வந்து போனது. தலை கோணலாக ஆடியது. ஒரு தரம் தவறவிட்டது. அடுத்த பாய்ச்சலில் கவ்விக்கொண்டது. "முருகா!" என்று அக்கா என் தோளை இறுக்கிப் பிடித்தார். எலி அந்தக் கோணலைக் கடக்கும்வரை இரண்டு பேரும் மூச்சு விடவில்லை.

அப்பாடா! பிள்ளை சாப்பிட்டுவிட்டது, அப்பா.

"நீரும் இனியாவது சாப்பிடும்" என்று அக்கா சோறு போட்டுத் தந்தார். நீங்கள் போனதிலிருந்து எதைத் தின்றாலும் எனக்கு மண்ணாகவே இருந்தது. இன்றைக்குப் பசித்தது. கத்தரிக்காய்க் குழம்போடு இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டேன்.