உன் கால் எட்டாத நாற்காலி

நாற்காலியின் முதுகுப்பக்கத் துணியைக் குறடால் இழுத்தபோது, நீ கறிவேப்பிலை போட்டுக் காய்ச்சும் தேங்காயெண்ணெயின் வாசம் வந்தது. நீ தலை சாய்த்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது; எண்ணெய் இன்னும் போகவில்லை. 

நம் மீனாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. ஆபரேஷன்தான், இருவரும் நலம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு என்பார்கள். தாய் இல்லாத வீட்டுக்கு எப்படி அனுப்புவது என்று கழக்கூட்டத்தில் இருக்கும் அவள் மாமியார் தயங்கினார். அவர் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் ரோஷம் வந்துவிட்டது. "நான் இருக்கேன்லா, அனுப்பி வைங்க" என்று சொல்லிவிட்டேன். வெந்நீர் போடக்கூட நான் தடுமாறுவது உனக்குத் தெரியும்.

"செரி, ஒரு வாரம் பாப்போம். அவளுக்குப் பற்றல, முடியலேன்னா நானே வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றார் மாமியார்.

கட்டிலில் உட்கார்ந்து பால் கொடுத்தால் முதுகு வலிக்கும், நல்ல நாற்காலி வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். உடனே இதுதான் ஞாபகம் வந்தது. கல்யாணமான புதிதில் ஏதோ ஒரு ஆபீஸ் ஏலத்தில் நான் எடுத்து வந்த தேக்கு நாற்காலி. மீனாவுக்கு நீ பால் கொடுத்ததும் இதில்தான். ஏறிச் சம்மணம் போட்டு உட்காருவாய். "ஆபீசர் நாற்காலியில பந்திக்கு உக்காந்த மாதிரி இருக்கியே" என்று கேலி செய்வேன். "எனக்கு இது மதி, இதே போதும்" என்பாய், சிரித்துக்கொண்டே.

ஆரியசாலையில் துணிக்கடை அண்ணாச்சி, "உள்ள இருக்க தேங்காநாரே கொள்ளாம் சாரே, நல்ல சரக்கு, மேல ரெண்டு இஞ்சு ஃபோம் போட்டா மதி" என்றார். நான் கேட்பேனா? மகள் மெத்தென்று உட்காரட்டும் என்று நாலு இஞ்சு வாங்கினேன். மூன்று நாள் வேலை. நாரை உதறி வெயிலில் காயவைத்தேன், அடியில் புது நாடா இழுத்துக் கட்டினேன். ஆணியில் அடித்ததைவிட விரலில் அடித்ததுதான் அதிகம். மேலே சின்னப் பூப்போட்ட மஞ்சள் துணி. முடித்துவிட்டுப் பார்த்தபோது எனக்கே பெருமை தாங்கவில்லை.

மீனா வந்து உட்கார்ந்தாள். அவளும் உன் உயரம்தானே. கால் இரண்டும் அந்தரத்தில் தொங்கின. வயிற்றுத் தையல் இழுக்கிறது என்று முகம் சுளித்தாள். "பற்றலப்பா" என்றாள். எனக்கு அவள் மாமியார் முகம் கண்முன் வந்தது.

"அம்மா மடக்கிதானே உக்காருவா..." என்று இழுத்தேன்.

"அம்மாக்கும் கால் எட்டாதுப்பா. அதான் மடக்கிட்டு இருந்தா. கால் மரத்துப்போகும்னு என்கிட்ட சொல்லியிருக்கா."

முப்பது வருஷம். கேலி செய்தேனே தவிர, ஏன் என்று ஒரு தடவை கேட்டதில்லை. மகளிடம் சொன்னதை என்னிடமும் சொல்லியிருக்கலாம் நீ. சொல்லியிருந்தால் காதில் வாங்கியிருப்பேனா என்பதும் சந்தேகம்தான். வெட்கமாக இருந்தது. உன்மேல் கொஞ்சம் கோபமும் வந்தது.

"எவ்வளவு குறைக்கணும், நீயே சொல்லும்மா" என்று கேட்டு, அவள் குதிகாலிலிருந்து தரை வரை அளந்தேன். ஃபோமைப் பாதியாக்கினேன். மிச்சத்துக்கு நாலு காலையும் ரம்பத்தால் அறுத்தேன். தேக்கு லேசில் மசியவில்லை. ஒரு கால் கொஞ்சம் கூடுதலாக அறுபட்டுவிட்டது. அடியில் ரப்பர் துண்டு ஒட்டியிருக்கிறேன். இனி நான் அதில் உட்கார்ந்தால் முழங்கால் மோவாயில் இடிக்கும்.

இப்போதெல்லாம் எல்லாவற்றையும் கேட்டுவிடுகிறேன். கஞ்சி சூடு போதுமா, ஃபேனைக் குறைக்கவா, முதுகுக்குத் தலையணை வேண்டுமா. "அப்பா, கொஞ்ச நேரம் மிண்டாம இருங்களேன்" என்று அவளே அலுத்துக்கொள்கிறாள். உன்னிடம் கேட்காமல் விட்டதையெல்லாம் சேர்த்து அவளிடம் கேட்கிறேன் போலிருக்கிறது.

நேற்றோடு ஒரு வாரம் முடிந்தது. வண்டி அனுப்பட்டுமா என்று மாமியார் போன் செய்தார். நான் அடுக்களை வாசலில் நின்று கேட்டேன். மடியில் குழந்தை, இரண்டு பாதமும் தரையில் ஊன்றியிருக்க, மீனா சொன்னாள்:

"வேண்டாம் அத்த. நாப்பது நாளும் அம்மா வீட்டிலயே இருந்துட்டு வாரேன்."