கையுறைக்குள் மடித்த தாள்

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகக் கட்டிலுக்கடியில் கிடந்த குளிர்காலப் பையை இழுத்தெடுத்தேன். வெளியே இந்த வருடத்தின் முதல் பனி. மேலாகக் கிடந்தவை உன் கையுறைகள். திருப்பித் தராமலே என்னிடம் தங்கிவிட்டவை. கை சூடாக்கும் பொட்டலம் மிச்சமிருக்குமோ என்று ஒன்றின் முதுகிலிருந்த, சிப் வைத்த சின்னப் பையைத் திறந்தேன். உள்ளே எட்டாக மடித்த ஒரு தாள்.

பெப்ரவரியில் நாம் போன பனிக்குகைப் பயணத்தின் உடல்நலப் படிவம். உன் கையெழுத்து. இதய நோய் உண்டா என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று குறித்து, பக்கத்தில் ஒரு மாத்திரையின் பெயரும் எழுதியிருக்கிறாய்.

நீ போய் எட்டு மாதம். உனக்கு அப்படியொரு நோய் இருந்ததை இன்றுதான் அறிகிறேன். எழுதிவிட்டு யோசிக்கிறேன், இன்றுதானா?

செயின்ட்-மிஷேலில் ஒரே கட்டடத்தில் நீ கீழ்வீடு, நான் மேல்வீடு. உனக்கு வரும் பிரெஞ்சுக் கடிதமெல்லாம் முதலில் என் கைக்குத்தான் வரும். “இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லு” என்று படியேறி வருவாய். நான் வாசித்துச் சொன்ன பிறகுதான் கையெழுத்து வைப்பாய். பதினைந்து வருட வழக்கம். அதனால்தான் அல்பேர்ட்டா மலையடிவாரத்தில் வழிகாட்டிப் பெண் படிவங்களை நீட்டியபோது இரண்டையும் நானே வாங்கப் போனேன். நீ உன்னுடையதைப் பறித்துக்கொண்டாய்.

“இது இங்கிலீசுதானே. இதுவும் தெரியாதெண்டு நினைச்சியோ?”

எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எழுதினாய். பாதியில் எழுந்துபோய் இன்னொரு தாள் கேட்டாய். “பிழைவிட்டிட்டன்” என்றாய். எதைப் பிழைவிட்டாய் என்று நான் கேட்கவில்லை. இப்போது அடுத்த வரியையும் வாசிக்கிறேன்: ‘ஆம்’ என்றவர்கள் மருத்துவரின் கடிதம் காட்ட வேண்டும்.

குகை வாசலில் சப்பாத்துக்கு இரும்பு முள் மாட்டும்போது, “எனக்கு வேர்க்குது, நீ இதைப் போடு” என்று இந்தக் கையுறைகளைக் கழற்றித் தந்தாய். உள்ளே சுவரெல்லாம் நீலம். பனிக்கட்டிக்குள் காற்றுக் குமிழிகள் அப்படியே உறைந்து நின்றன.

“இருபது வருசமாக் குளிரைத் திட்டிப்போட்டு, இப்ப அதின்ர வயித்துக்குள்ள வந்து நிக்கிறம் பாரடி!”

தலைவிளக்குகளை ஒரு நிமிடம் அணைத்தால் பனிக்கட்டி முறுகும் சத்தம் கேட்கும் என்றாள் வழிகாட்டி. எனக்குக் கேட்டது உன் மூச்சு. ஓடி வந்தவளின் மூச்சு. விளக்கு எரிந்ததும் நீ என் முகத்தைத்தான் பார்த்தாய். நான் கூரையைப் பார்த்தேன்.

வீடு திரும்பிய ஆறாவது வாரம் நீ இல்லை. நெஞ்சுவலி என்றார்கள்.

உன் கணவர் இதுவரை மூன்று தடவை கேட்டுவிட்டார்.

“பிள்ளை, அவ உம்மட்ட ஒண்டும் சொல்லேல்லையோ?”

“இல்லை அண்ணை.”

“நீர் கூப்பிட்டுத்தானே அங்க போனவ?”

கூப்பிட்டது நீ. அவரிடம் என்ன சொல்லிவிட்டு வந்தாய்? இந்தத் தாளை மறந்துபோய் விட்டாயா, என்றைக்காவது வாசிக்கட்டும் என்றுதான் கையுறையை என்னிடம் தந்தாயா? அவர் என்னைச் சந்தேகிக்கிறார். நான் உன்னைச் சந்தேகிக்கிறேன். இரண்டுக்கும் பதில் சொல்ல நீ இல்லை.

கீழே அவர் பனி வழிக்கும் சத்தம் கேட்கிறது. வழக்கம்போல என் படியையும் சேர்த்து வழிக்கிறார். இந்தத் தாளைக் காட்டினால் அந்தப் பழி என்னை விட்டுப் போகும். மனைவி தன்னிடமும் ஒளித்தாள் என்பது அவருக்கு மிஞ்சும். காட்டாவிட்டால் அவர் என்றைக்கும் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். காலையிலிருந்து இதைத்தான் நிறுத்துப் பார்த்தேன். ஆனால் தாளை மட்டும் காட்டுவதும் ஒருவகை ஒளிப்புத்தான். இரண்டாவது தாளைக் கண்டும், அந்த மூச்சைக் கேட்டும் வாயைத் திறக்காதவள் நான். அந்த நீலத்தை முழுக்கப் பார்க்காமல் திரும்ப எனக்கும் மனமிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவரைத் தேத்தண்ணிக்குக் கூப்பிடப் போகிறேன். உனக்கு வாசித்ததைப் போலவே வரிவரியாக வாசித்துச் சொல்வேன். பிறகு, தாளில் இல்லாததையும் சொல்வேன். அதன்பின் என் படியில் பனி அப்படியே கிடந்தால் கிடக்கட்டும், நானே வழித்துக்கொள்கிறேன்.